ஏலம் எடுத்துவிட்டு மாயமாகும் ஆட்கள்: விற்கிற நாம் செய்யும் தவறுகள்

இரவு 10 மணிக்கு ஏலம் முடிய வேண்டும். 9:58 வரை ஊமையாகக் கிடந்த வாட்ஸாப் குரூப்பில் 9:59-க்கு ஆளாளுக்கு விலை கேட்கிறார்கள். 2,500, 2,600, 2,700. கைதட்டும் பொம்மைகள் வரிசை கட்டுகின்றன. மறுநாள் காலை, எடுத்தவருக்கு ஜிபே எண்ணை அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. சாயங்காலம் அவருடைய புகைப்படமும் காணாமல் போகிறது. நம்மை பிளாக் செய்துவிட்டார்.

வாட்ஸாப்பில் பழைய நாணயமோ தபால்தலையோ ஏலம் விடுகிற எல்லோருக்கும் இந்த அனுபவம் ஒருமுறையாவது கிடைத்திருக்கும். இணையத்தில் ஏலம் நடத்தும் ஈபேயின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டிலேயே மூடப்பட்டுவிட்டது. வெளிநாட்டு ஈபேயில் ஏலம் எடுத்தவர் 4 நாளில் பணம் கட்டாவிட்டால் விற்றவர் அந்த விற்பனையை ரத்து செய்துவிடலாம். அப்படிப் பழக்கப்பட்டவர்களை நம் பொருள் பக்கமே வராமல் தடுக்கவும் வசதி உண்டு. குரூப்பில் அந்த வேலி எதுவும் கிடையாது. நாம் போட்டால்தான் உண்டு. என் கணக்கில், ஏமாற்றவே வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். நாம் திறந்து வைத்த சந்து வழியாக நழுவியவர்களே அதிகம்.

அந்தச் சந்துகளில் பெரியது, விதியை ஏலம் முடிந்த பிறகு சொல்வது. தபால் செலவு யாருடையது, எத்தனை மணி நேரத்துக்குள் பணம், 10:00-க்கு வந்த விலைக் கேள்வி செல்லுமா, 10:01-க்கு வந்தது செல்லுமா, யாருடைய போன் காட்டும் வரிசை கணக்கு? இவை பொருளின் படத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். 'தபால் செலவு 80 தனி' என்று மறுநாள் சொன்னால், தயங்கிக்கொண்டிருந்தவருக்கு நாமே சாக்கு எடுத்துக் கொடுத்தது போல.

அடுத்தது, ஏலத்தை முடித்து வைக்காமல் தூங்கப் போவது. நான் இதில் சூடுபட்டவன். 2,600 கேட்டிருந்தார் ஒருவர். பத்து நிமிடம் கழித்துப் பார்க்கிறேன், அதே செய்தியில் 2,100 என்று இருக்கிறது. பக்கத்தில் 'எடிட்டட்' என்று பொடி எழுத்து. வாட்ஸாப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடம் வரை திருத்தலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கேட்டால், 'கை தவறி டைப் ஆயிடுச்சு சார்' என்றார். சரக்கு விற்பனைச் சட்டம், 1930-ன் 64-வது பிரிவும் கிட்டத்தட்ட அவர் பக்கம்தான்: சுத்தியல் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ ஏலம் முடிந்ததாக அறிவிக்கும்வரை, விலை கேட்டவர் தன் கேள்வியைத் திரும்பப் பெறலாம். நம்மிடம் சுத்தியல் இல்லை. அதனால் மணி அடித்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, 'முடிந்தது, 2,600, இன்னாருக்கு' என்று அவரை டேக் செய்து போட்டுவிட வேண்டும்.

எடுத்தவர் கைவிட்டால் இரண்டாவது ஆளிடம் போவோம். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். ஒரு கணக்குப் பாருங்கள். ஏற்றம் 100 ரூபாய். முதல் நபர் 2,000-த்தோடு நின்றுவிட்டார். இரண்டாமவர் 2,100 கேட்டார். அதற்குப் பிறகு அந்த மாய மனிதர் நுழைந்து 2,200, இவர் 2,300, அவர் 2,400, இவர் 2,500, அவர் 2,600. அவர் மறைந்த பிறகு இரண்டாமவரிடம் 'நீங்கள் கேட்ட 2,500-க்கே எடுத்துக்கொள்ளுங்கள்' என்கிறோம். நியாயம் போலத்தான் தெரியும். ஈபேயின் இரண்டாம் வாய்ப்பு முறையும் அவர் கேட்ட விலையைத்தான் வைக்கிறது. ஆனால் அந்த மாய ஆள் வராமலிருந்தால் இவர் 2,100-லேயே எடுத்திருப்பார். மேலே இருக்கும் 400 ரூபாய், பணம் கட்டாத ஒருவன் ஏற்றிவிட்டது. இரண்டாமவர் மனதில் உடனே ஒரு கேள்வி எழும்: அந்த ஆள் இவருடைய ஆள்தானோ? அதே 64-வது பிரிவு, விலையை ஏற்ற விற்பவரே போலியாகக் கேட்க வைத்தால் வாங்கியவர் விற்பனையை ரத்து செய்யலாம் என்கிறது. நாம் அப்படிச் செய்யவில்லை என்பது நமக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்? நான் 2,100-க்கே கொடுத்துவிடுகிறேன். அதில் ஏமாளித்தனம் ஒன்றும் இல்லை. அவர் அடுத்த ஏலத்துக்கும் வருகிறார்.

அதற்கு முன்னால் ஒரு வரி எழுத மறக்கக் கூடாது. 'நாளை மாலை 6 மணிக்குள் பணம் வராவிட்டால் வேறொருவருக்கு விற்கப்படும்' என்று முதலில் எடுத்தவருக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள். அதே சட்டத்தின் 54-வது பிரிவு இந்த அறிவிப்பைக் கேட்கிறது. கொடுக்காமல் மறுபடி விற்றால் நஷ்டத்தை அவரிடம் கேட்க முடியாது, லாபம் வந்தால் அது அவருக்குப் போகும்! 500 ரூபாய்க்காக யாரும் கோர்ட் படி ஏறப் போவதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அந்த வரியைப் பார்த்ததும் பாதிப் பேர் பணம் அனுப்பிவிடுகிறார்கள்.

பணம் வந்ததாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி பார்சல் கட்டாதீர்கள். குறுஞ்செய்தியையும் நம்ப வேண்டாம், வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள். 'தெரியாமல் 26,000 அனுப்பிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்க' என்று பதறுகிறவர் பெரும்பாலும் எதுவுமே அனுப்பியிருக்க மாட்டார். பணம் வாங்க யுபிஐ பின் போடத் தேவையில்லை. போடச் சொன்னால் நம் கணக்கிலிருந்து போகப் போகிறது. போய்விட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிக்கான உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

பணம் கட்டியவரும் ஆட்டம் காட்டலாம். ஐந்தாம் ஜார்ஜின் 1911-ம் ஆண்டு ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள்வோம். ராஜாவின் அங்கியில் பொறித்த யானை பன்றி போலத் தெரிந்து சர்ச்சையானதால், அடுத்த ஆண்டே அச்சை மாற்றினார்கள். 'பன்றி ரூபாய்' என்று அதற்குத் தனி கிராக்கி. அதை வாங்கிக்கொண்டு, சாதாரண 1912-ஐப் படம் எடுத்து 'இதைத்தான் அனுப்பியிருக்கிறீர்கள்' என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வீர்கள்? நாணயத்தைத் தராசில் வைத்து (புதிதாக இருந்தபோது 11.66 கிராம், தேய்ந்தது கொஞ்சம் குறையும்), இருபுறமும், தேய்மானமும் கீறலும் தெரியக் காட்டி, உறையில் போட்டு ஒட்டி, ஸ்பீடு போஸ்ட் எண் தெரியும் வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்திருந்தால் பேச்சு அங்கேயே நிற்கும். பிரிக்கும்போது அவரும் வீடியோ எடுக்க வேண்டும் என்பதை விதியிலேயே சேர்த்துவிடுங்கள். இன்னொன்று: 100 ஆண்டு தாண்டிய நாணயம் 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 'துபாய்க்கு அனுப்புங்க, ரெண்டு மடங்கு தர்றேன்' என்கிறவரிடம் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

கோபத்தில் செய்கிற தவறு ஒன்று பாக்கி. ஓடிப்போனவரின் போன் எண்ணையும் படத்தையும் 'ஃபிராடு' என்று பத்து குரூப்பில் போடுவது. பணம் கட்டாதது மோசம்தான், ஆனால் அவதூறு வழக்கு நம் மேல்தான் வரும். அட்மின்கள் தங்களுக்குள் பேசி அவரை நீக்கிக்கொண்டால் போதும்.

நீக்கும் முன் ஒரு போன் போடுங்கள். எங்கள் குரூப்பில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், இருபதாம் தேதிக்கு மேல் எடுத்தால் வாயே திறக்க மாட்டார். புது அட்மின் ஒருமுறை அவரைத் தூக்கிவிட்டார். மாசம் பிறந்ததும் என்னைக் கூப்பிட்டு, 'தம்பி, பென்ஷன் வந்துடுச்சு, எந்த நம்பருக்கு அனுப்பணும்? குரூப்ல ஒண்ணுமே வர மாட்டேங்குதே?' என்றார். இப்போது எங்கள் விதியில், 'முன்கூட்டியே சொன்னால் ஒன்றாம் தேதி வரை தவணை உண்டு' என்று ஒரு வரி இருக்கிறது.