சர்தார் படேலின் வாழ்க்கையைக் கட்டுரையாக எழுதுவது எப்படி?

வல்லபாய் படேலைப் பற்றி எழுதும் மாணவர்கள் பெரும்பாலும் ‘இரும்பு மனிதர்’ என்று தொடங்கி, அந்த அடைமொழியைத் தாண்டாமலே முடித்துவிடுகிறார்கள். அதை முதலில் ஒதுக்கி வையுங்கள். மன்னர்கள் ஆண்ட சமஸ்தானங்களை இந்தியாவில் இணைத்த அவருடைய பெரும்பணி மிரட்டலைவிடப் பொறுமையான பேச்சுவார்த்தையால் நடந்தது என்பதே கட்டுரையின் உயிர்நாடியாக இருக்க வேண்டும்.

இளமைக்கு ஒரு பத்தி போதும்: 1875 அக்டோபர் 31, நடியாத்; லண்டனில் சட்டப்படிப்பு; அகமதாபாதில் வழக்கறிஞர் தொழில். 1928 பர்தோலி சத்தியாகிரகத்தை மட்டும் சற்று விரித்து எழுதுங்கள். உயர்த்தப்பட்ட நிலவரியைக் கட்ட மறுத்த உழவர்களை ஊர் ஊராக ஒருங்கிணைத்த அந்த அனுபவமே ‘சர்தார்’ என்ற பெயரையும், பின்னாளில் பயன்பட்ட நிர்வாகத் திறனையும் அவருக்குத் தந்தது.

கட்டுரையில் பாதி இடத்தை 1947, 1948 ஆகிய ஆண்டுகளுக்குக் கொடுங்கள். ஆங்கிலேயர் வெளியேறியதும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் மீதான அவர்களின் மேலாதிக்கம் காலாவதியாகும் என்ற சிக்கலை முதலில் விளக்கிவிட்டு, படேலும் அவருடைய சமஸ்தானத் துறையின் செயலாளர் வி. பி. மேனனும் மன்னர்களிடம் பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு என்ற மூன்றை மட்டுமே கேட்டதைச் சொல்லுங்கள். முடிந்தால் மன்னர்கள் கையெழுத்திட்ட இணைப்பு ஆவணத்தையே படித்துப் பாருங்கள். அதன் 7ஆம் பிரிவு வருங்கால அரசியலமைப்பை ஏற்கும்படி மன்னரைக் கட்டுப்படுத்தவில்லை. 8ஆம் பிரிவு அவருடைய இறையாண்மை தொடர்வதாகச் சொல்கிறது. இவ்வளவு குறைவாகக் கேட்டதால்தான் அத்தனை பேர் கையெழுத்திட்டார்கள் என்பது என் கருத்து.

இங்கே ஒரு பிழையைத் தவிர்க்க வேண்டும். இந்தியாவில் இணைவது வேறு, மாகாணத்தோடு கலந்துவிடுவது வேறு. புதுக்கோட்டை இதற்கு நல்ல சான்று: இந்தியாவில் இணைந்த பிறகும் தனிச் சமஸ்தானமாகவே இருந்த அது, 1948 மார்ச் 3 அன்றுதான் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. அதிகாரத்தை விட்டுக்கொடுத்த மன்னர்களுக்கு மானியம் உறுதியளிக்கப்பட்டதையும், அது 1971இல் ஒழிக்கப்பட்டதையும் இத்துடன் சேர்த்துச் சொல்லலாம்.

எளிதில் இணையாத ஜூனாகத், ஐதராபாத், காஷ்மீர் ஆகிய மூன்று சமஸ்தானங்களையும் ஒரே வரியில் அடுக்காதீர்கள். ஜூனாகத்தில் 1948 பிப்ரவரியில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. ஐதராபாதிலோ அதே ஆண்டு செப்டம்பர் 13 அன்று இந்தியப் படை நுழைந்து, 17ஆம் நாள் அதன் மன்னரான நிஜாம் போர்நிறுத்தம் அறிவித்தார். காஷ்மீர் தனிக் கட்டுரைக்கு உரியது.

1950 டிசம்பர் 15, மும்பையில் அவர் மறைந்ததோடு கட்டுரையை முடியுங்கள். சிலையின் உயரம் அதில் வர வேண்டியதில்லை.