ஆச்சியின் கிணறு: முதல் மர்மக் கதை எழுதுவோருக்கு

என் முதல் மர்மக் கதையில் ஒரு கிழவி தலையணைக்குக் கீழே கத்தி வைத்திருந்தாள். வாசித்துவிட்டு என் அம்மம்மா கேட்டது ஒன்றுதான்: "உந்தக் கத்தியை அவ ஏன் தலமாட்டில ஒளிச்சு வைக்கிறா? குசினியில வைச்சா ஆர் மோனை கேக்கப்போகினம்?" நான் படித்த பாடம் அவ்வளவுதான். அதை வைத்து யாழ்ப்பாணத்தில் நடக்கும் ஒரு கதையைக் கட்டிப் பார்ப்போம்.

முதலில் இரகசியத்தை ஒரே வசனத்தில் உங்களுக்காக மட்டும் எழுதுங்கள். உதாரணமாக: 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்க, யாழ் நகரை உள்ளடக்கிய வலிகாமப் பகுதியே ஊரைவிட்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, ஆச்சி தன் புருஷனை வளவுக் கிணற்றில் விட்டுவிட்டுத் தனியாகப் புறப்பட்டாள். பிறகு, இத்தனை வருஷமாக ஏன் யாரும் சந்தேகப்படவில்லை என்று கேளுங்கள். அந்த நெரிசலில் எத்தனையோ பேர் உறவுகளைத் தவறவிட்டார்கள். அடுத்த வருஷம் சித்திரை, வைகாசியில் சனம் திரும்பும்வரை ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. "பாலத்தடியில கை விட்டுப்போச்சு" என்று ஆச்சி சொன்னால் யார் மறுப்பார்கள்? அன்று அவளுக்கு 40 என்றால் 2025இல் 70. கணக்குச் சரி.

இரண்டாவதுதான் கதையின் உயிர். இரகசியத்தை ஒரு பழக்கமாக மாற்றுங்கள். ஆச்சி கிணற்றைத் தகரத்தால் மூடி, மேலே அம்மிக்கல்லை வைத்திருக்கிறாள். தினமும் விடிய பக்கத்து வீட்டுக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் கொண்டு வருகிறாள். கேட்டால், "எங்கட கிணத்துத் தண்ணி உவர் மோனை" என்பாள். யாழ்ப்பாணத்தில் இதை நம்பாதவர் இல்லை; ஒரு வளவில் நல்ல தண்ணீர், அடுத்த வளவில் உவர். ஆனால் வளவில் நிற்கும் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் கிணற்றடியில் மட்டும் செழித்து நிற்கின்றன. அதைச் சொல்லிவிட்டு உடனே புட்டு அவிக்கும் வாசத்துக்குப் போய்விடுங்கள். விளக்கம் வேண்டாம்.

அடுத்து, தகரத்தைத் தூக்க ஒருவர் வேண்டும். ரொறன்ரோவில் இருந்து பேரன் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறான். திருவிழா 25 நாள். உங்கள் மணிக்கூடும் அதுதான். மழை ஐப்பசியில்தான் பிடிக்கும் என்பதால் ஆடி, ஆவணியில் வரும் இந்தத் திருவிழா நேரம் கிணறுகளில் தண்ணீர் அடிமட்டத்தில் கிடக்கும். "மோட்டர் போட்டு இறைச்சுப் பாப்பம் ஆச்சி" என்று அவன் கேட்க அதைவிட நல்ல காலம் இல்லை. பத்தாம் திருவிழாவுக்குள் வாசகருக்குச் சந்தேகம் வந்துவிட வேண்டும், பேரனுக்கு வரக்கூடாது. அப்புறம் ஆச்சி அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றினாலே வாசகர் பதறுவார்.

எலும்பு கிடைக்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள். பொலிஸ், நீதவான், சட்ட வைத்திய அதிகாரி என்று ஒழுங்கு இருக்கிறது. இங்கே எலும்பு என்றதும் எல்லோருக்கும் போர்தான் ஞாபகம் வரும்; ஆச்சிக்கு அது பெரிய மறைப்பு. ஆனால் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தோடு இன்றும் வீதியில் நிற்கும் தாய்மாரும் உங்கள் வாசகர்களே. வெறும் திருப்பத்துக்காக அதை எடுப்பதென்றால் எழுதாமல் விடுவது மேல்.

கடைசிக் காட்சியில் வாக்குமூலம் வேண்டாம். பேரன் தகரத்தில் கை வைக்கட்டும். ஆச்சி ஒன்றும் சொல்லாமல் அம்மிக்கல்லின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கிக் கொடுக்கட்டும்.