மாளிகை ஓட்டலில் தங்க ஞாயிறு இரவு

இங்கிலாந்தில் பழைய கிராமப்புற மாளிகை ஓட்டலில் தங்க ஆசையா? சனிக்கிழமையை விட்டு ஞாயிறு இரவுக்கு விலை கேளுங்கள். கல்யாணக் கூட்டமும் வார இறுதிக்கு வந்தவர்களும் ஞாயிறு மதியமே கிளம்பிவிடுவார்கள். அறை காலியாகக் கிடந்தாலும் ஆள் சம்பளமும் அந்தப் பெரிய வீட்டைச் சூடாக்கும் செலவும் குறையாது. அதனால் பெரும்பாலும் விலையை இறக்குவார்கள்.

அப்புறம், அறை மூல மாளிகைக்குள்தானா என்று கட்டாயம் கேளுங்கள். பிரான்ஸின் 18ஆம் லூயி மன்னர் 1809 முதல் 1814 வரை தங்கியிருந்த ஹார்ட்வெல் ஹவுஸ் மாளிகை ஓட்டலில்கூடச் சில அறைகள் பழைய குதிரை லாயத்தில் இருக்கின்றன. உயரமான ஜன்னலும் கிறீச்சிடும் மரப்படியும் வேண்டுமென்றால் மாளிகை அறைதான் சரி.

மே, ஆகஸ்ட் மாதங்களில் திங்கள் பொது விடுமுறை வரும் வார இறுதிகளிலும் கிறிஸ்துமஸ் சமயத்திலும் இந்த ஞாயிறு இரவு யோசனை பலிக்காது.