முதல் முறை சீஸ் சாப்பிடுபவருக்குத் தட்டு வைக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

போன மாதம் ஒரு தம்பி, நண்பர்களுக்கு முதல் முறையாகச் சீஸ் கொடுக்கப்போவதாகச் சொல்லி, வாங்கி வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருடங்களுக்கு முன் நான் எதையெல்லாம் தப்பாக வாங்கினேனோ, ஏறக்குறைய அதையெல்லாம் அவரும் வாங்கியிருந்தார். அன்றே இதை எழுதிவிட நினைத்தேன்.

காலாவதித் தேதியைப் பாருங்கள், கத்தியைக் கழுவுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

பெயரை மட்டும் பார்த்து வாங்குவது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டுகிற தவறு இதுதான். "புதியவர்களா? கௌடா கொடு, சாதுவாக இருக்கும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கடைக்குப் போய், கௌடா என்று எழுதியிருக்கும் ஏதோ ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம்.

நானும் அப்படித்தான் எடுத்து வந்தேன். இருந்ததிலேயே விலை கூடியது. விலை கூடினால் தரமும் கூடும் என்று ஒரு நினைப்பு. வீட்டில் பிரித்தால், துண்டு பழுப்பேறிய மஞ்சளாக இருந்தது. கத்தியை வைத்ததும் வழுக்கிக்கொண்டு இறங்காமல் கட்டி கட்டியாக உதிர்ந்தது. வெட்டிய இடத்தில் மணல் போல வெள்ளைப் புள்ளிகள். அன்று வந்திருந்த அத்தை ஆசையாக ஒரு துண்டை வாயில் போட்டார். மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கண்ணாலேயே தண்ணீர் கேட்டார். அதற்குப் பிறகு ஆறு வருடம், சீஸ் என்று பேச்செடுத்தாலே "எனக்கு வேண்டாம்ப்பா" என்பார். பணம் போனது கூடப் பரவாயில்லை. பிடித்திருக்கக்கூடிய ஒன்றை ஒருவருக்கு ஆறு வருடம் இல்லாமல் செய்துவிட்டேனே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

கௌடா என்ற பெயர் செய்முறையைச் சொல்லும், வயதைச் சொல்லாது. நெதர்லாந்தில் இதை வயதுவாரியாகப் பிரித்துத்தான் விற்கிறார்கள். சுமார் 4 வாரம் ஆனது 'யோங்', அதாவது இளசு. 16 முதல் 18 வாரம் ஆனது 'பெலேகன்'. 10 மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை முதிர்ந்தது 'அவுட்'. காய் வாங்கும்போது இளசா முற்றலா என்று பார்க்கிற நாம், சீஸில் மட்டும் பெயரோடு நின்றுவிடுகிறோம்.

நாள் ஆக ஆக ஈரம் வற்றி, உப்பும் கொழுப்பும் செறிந்துகொண்டே போகும். பாலில் இருந்த கேசின் புரதத்தை நொதிகள் உடைத்து உடைத்து அமினோ அமிலங்கள் வரை கொண்டுபோய்விடும். நான் பார்த்த வெள்ளைப் புள்ளிகள்கூட டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் படிகங்கள்தான். பழகிய நாக்குக்கு அந்த நறநறப்பு பெரிய சுகம். இப்போது நானே தேடிப்போய் வாங்குகிறேன். முதல் முறை சாப்பிடுபவருக்கு அது மிரட்டல்.

செடாரும் இப்படியே. 2, 3 மாதத்தில் வெண்ணெய் வாசனையோடு அடக்கமாக இருப்பது, ஒரு வருடம் தாண்டினால் நாக்கின் ஓரத்தைச் சுரண்டும். செடாரில் நிறத்தை வைத்து வயதைக் கணிக்காதீர்கள். அந்த ஆரஞ்சு, அன்னாட்டோ விதையிலிருந்து எடுத்த சாயம். பிரீ என்ற பிரெஞ்சு சீஸ் வெளியிலிருந்து உள்நோக்கிக் கனியும். நடுவில் இன்னும் வெள்ளையாக, கொஞ்சம் கெட்டியாக இருக்கிற பருவத்தில்தான் அது சாது. கடைசித் தேதியை நெருங்கும்போது வழியத் தொடங்கும், அமோனியா நெடி எழும்பும்.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது ஒன்றே: "இது எத்தனை மாதம் ஆனது?" துண்டு போட்டு விற்கிற கடையில் ஒரு சீவல் கேட்டு வாங்கிச் சுவைத்துப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம். கௌடா என்றால் வெளிர் மஞ்சளாக, விரலால் அழுத்தினால் ரப்பர் போல லேசாக வளைந்து கொடுக்க வேண்டும்.

மெத்தென்று இருந்தால் சாது என்று நம்புவது

தமிழில் 'மென்மை' என்று ஒரே சொல்லை இரண்டுக்கும் சொல்கிறோம். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. தொட்டால் மென்மை வேறு, சுவையில் மென்மை வேறு. லிம்பர்கர் மெத்தென்று இருக்கும். ஆனால் உப்புநீரில் கழுவிக் கழுவி முதிரவைப்பதால் அதன் தோலில் வளரும் பாக்டீரியா, மனிதப் பாதத்தில் வாழும் பாக்டீரியாவுக்கு நெருங்கிய உறவு, வாடையும் அதுவே. அந்தத் தம்பியின் பையில் இருந்த தலெஜியோவும் கழுவிய தோல் வகைதான். மாறாக எமென்டால் கெட்டியானது, வாயில் இனிப்பும் கொட்டைப் பருப்பின் வாசனையுமாகக் கரையும். ஹவார்ட்டி, இளம் கௌடா, எமென்டால், புது மொசரெல்லா: இந்த நான்கில் மூன்றை வைத்தால் யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

ஃப்ரிட்ஜிலிருந்து நேராகத் தட்டுக்கு

ஒரே ஹவார்ட்டியிலிருந்து இரண்டு சீவல் எடுங்கள். ஒன்றை 40 நிமிடம் வெளியே மூடி வையுங்கள், மற்றதை ஃப்ரிட்ஜில் விடுங்கள். பிறகு கண்ணை மூடிச் சாப்பிட்டுப் பாருங்கள். குளிர்ந்தது மெழுகை மெல்வது போல இருக்கும். மற்றது வெண்ணெயாக இளகும். குளிரில் பால் கொழுப்பு இறுகிப்போகும், வாசனை மேலே எழாது. சாதுவான சீஸுக்கு இருப்பதே கொஞ்சம் வாசனை. அதையும் அடைத்துவிட்டால் "ஒன்றுமே இல்லையே" என்றுதான் சொல்வார்கள். புது மொசரெல்லாவுக்கு 20 நிமிடம் போதும். எதையும் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.

ஏழெட்டு வகை

மூன்று போதும். ஆளுக்கு ஒவ்வொன்றிலும் 30 கிராம்.

தோலைப் பற்றிச் சொல்லாமல் விடுவது

பிரீயின் வெள்ளைத் தோல் பூஞ்சைதான், சாப்பிடலாம். ஈடாமின் சிவப்பு மெழுகைச் சாப்பிடக் கூடாது. புதியவருக்கு இரண்டும் தோலாகவே தெரியும். மெழுகை நீங்களே உரித்துவிட்டு வையுங்கள்.

யார் சாப்பிடப்போகிறார்கள் என்று கேட்காமல் இருப்பது

பாலை உறையவைக்கும் ரென்னெட், கன்றின் இரைப்பையிலிருந்து வந்ததாக இருக்கலாம். நுண்ணுயிரிலிருந்து எடுத்ததும் உண்டு. சைவம் சாப்பிடுபவர் வருகிறார் என்றால் லேபிளைப் படித்துவிட்டே வாங்குங்கள். பார்மிஜானோ ரெஜ்ஜியானோவில் விலங்கு ரென்னெட் மட்டுமே அனுமதி. கர்ப்பிணி இருந்தால், காய்ச்சாத பாலில் செய்ததும் பிரீ போன்ற பூஞ்சைத் தோல் சீஸும் தட்டில் வேண்டாம். லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவின் தொற்று கருவையே பாதிக்கும். இதில் மட்டும் 'கொஞ்சம்தானே' என்று விட்டுக்கொடுக்காதீர்கள்.

துருவிய பாக்கெட்

சமையலுக்கு. தட்டுக்கு வேண்டாம்.

பிளாஸ்டிக்கில் இறுக்கிக் கட்டுவது

மிச்சத்தைப் பட்டர் பேப்பரில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். வெறும் பிளாஸ்டிக்கில் இறுக்கினால் வியர்த்து, மறுநாளே பிளாஸ்டிக் வாடை ஏறிவிடும். அடுத்த முறை எடுக்கும்போதும் அந்த 40 நிமிடம் கொடுங்கள்.