சிங்கத்தை முதலில் வாங்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவில் ஒரு தனி ஆள் காட்டு விலங்குகளுக்குச் சொந்தக்காரராக இருக்கலாம். 1991-இல் வந்த சட்டப்படி, நிலத்துக்கு முறையாக வேலி போட்டுச் சான்றிதழும் வாங்கி வைத்திருந்தால், விலங்கு வேலி தாண்டி ஓடினாலும் உரிமை போகாது. நம்மூரில் கடலைக்காட்டுக்குள் புகும் பன்றியைக்கூட அனுமதி இல்லாமல் தொட முடியாது. அங்கே பழைய மாட்டுப் பண்ணைகளை வாங்கி, காண்டாமிருகத்தையும் சிங்கத்தையும் கொண்டுவந்து விட்டு, சஃபாரி வருமானத்தில் காட்டை நடத்துகிறார்கள். நன்றாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். 2023-இல் இந்தியாவுக்கு வந்த 12 சிவிங்கிப்புலிகளில் சில, பின்டா போன்ற தனியார் காப்பகங்களில் இருந்தவைதான்.

சறுக்கியவர்களின் கதையைக் கேட்டால் பெரும்பாலும் லாட்ஜ் திண்ணையிலிருந்துதான் தொடங்கும். விருந்தாளி காபியோடு உட்கார்ந்திருக்கும்போதே யானை வந்து நிற்க வேண்டும் என்ற ஆசை.

அந்த ஆசைக்கு முதலில் வெட்டுவது குட்டை. ஆழ்துளைக் கிணறு, மோட்டார், லாட்ஜுக்கு எதிரே தண்ணீர். பக்கத்து நிலத்துக்காரரும் சும்மா இருப்பாரா? அவரும் ஒன்று வெட்டுவார். வறண்ட காட்டில் விலங்குக்குத் தண்ணீர் கொடுப்பது புண்ணியம்தானே என்று தோன்றும். குட்டையிலிருந்து வெளிப்பக்கமாக நடந்து பாருங்கள். முதலில் வெறும் புழுதியும் சாணமும். அப்புறம் இம்பாலா மான்கள் அடியோடு கறம்பிய கட்டைப்புல். வெகுதூரம் போனால்தான் முழங்கால் உயரப் புல் நிற்கும். தினமும் தண்ணீர் குடிக்க வேண்டிய வரிக்குதிரை அவ்வளவு தூரம் மேயப் போகாது. அதனால்தான் அந்தப் புல் மிஞ்சுகிறது. மழை பொய்க்கும் ஆண்டுக்கு அதுதான் சேமிப்பு. கூப்பிடு தூரத்துக்கு ஒரு குட்டை இருந்தால், அந்தச் சேமிப்பை நல்ல ஆண்டிலேயே தின்று தீர்த்துவிடும்.

க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய க்ளாசெரீ தனியார் காப்பகத்தில் இதுதான் நடந்தது. நெருக்கமாகக் குட்டைகள் இருந்த அந்த இடத்தில், 1982-83 பஞ்சத்தில் மேய்ச்சல் விலங்குகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. தண்ணீர் இருந்தது, தின்னத்தான் ஒன்றும் இல்லை. க்ரூகரிலேயே வடக்கே வெட்டிய குட்டைகளைத் தேடி வரிக்குதிரை போனது, அதன் பின்னால் சிங்கம் போனது, ஏற்கெனவே அரிதாக இருந்த ரோன் மான் சரிந்துபோனது. பிறகு அங்கே பல குட்டைகளை மூடினார்கள். வெட்டும்போது யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், மூடும்போதுதான் லாட்ஜ்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

சரி, சிங்கத்துக்கு வருவோம். சிங்கம் இல்லாமல் விளம்பரப் படமே எடுக்க முடியாது என்பதால், பலரும் புல்லும் மானும் தேறுவதற்கு முன்பே வாங்கிவிடுகிறார்கள். சினை காலம் நான்கு மாதத்துக்கும் குறைவு. ஒரு ஈற்றில் இரண்டு முதல் நான்கு குட்டி. சிறிய வேலிக்குள் மான் கூட்டம் கரைவதைக் கண்ணால் பார்க்கலாம். அப்புறம் மானை விலைக்கு வாங்கிப் போட வேண்டியதுதான், அதாவது சிங்கத்துக்குத் தீவனம்! மூன்றாம் வருடக் குட்டிகளை யார் எடுத்துக்கொள்வார்கள் என்பதற்குப் பதில் கையில் இல்லாமல் முதல் சிங்கத்தை இறக்கக்கூடாது. வெளி ரத்தம் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை ஹ்ளுஹ்ளுவே-இம்ஃபொலோஸி காட்டியது. அது அரசுப் பூங்கா, பெரிய பூங்கா. அங்கேயே ஒருசில சிங்கங்களிலிருந்து பெருகிய கூட்டத்தில் உள்ளினப் பெருக்கம், அதாவது நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகுவது, முற்றி, வெளியிலிருந்து புதுச் சிங்கங்களைக் கொண்டுவர வேண்டியிருந்தது. சிவிங்கிப்புலிக்கும் காட்டு நாய்க்கும் இப்போது காப்பகங்கள் கூடிப் பேசி, பெண் கொடுத்துப் பெண் எடுப்பதுபோல, விலங்குகளை மாற்றிக்கொள்கின்றன. இந்த ஏற்பாட்டில் சேராமல் தனித்தீவாக இருப்பேன் என்பது நடக்காத காரியம்.

யானை விஷயம் இன்னும் சிக்கல். பிலானெஸ்பெர்க் பூங்காவுக்கு, க்ரூகரில் பெரியவற்றைச் சுட்டுக் குறைத்தபோது அநாதையான குட்டிகளைக் கொண்டுவந்தார்கள். அவை பெரியவர்கள் யாருமில்லாமல் வளர்ந்தன. இளம் ஆண் யானைகளுக்கு வயதுக்கு முன்பே மதம் பிடித்தது; 1992-லிருந்து 1997 வரை 40-க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998-இல் ஆறு பெரிய ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டார்கள், கொலை நின்றது. வீட்டில் தாத்தா இருந்தால் பையன்கள் அடங்குவார்கள் என்று இதைப் படித்தபோது என் பாட்டி சொன்னதுதான் ஞாபகம் வந்தது. இத்தனை யானை வேண்டும் என்று கணக்குப் போட்டு வாங்குவது தவறு, குடும்பமாகத்தான் கொண்டுவர வேண்டும். வந்தபின் பெருகினால் விற்பது கடினம். மகலாலி காப்பகம் 2000-லேயே யானைகளுக்குக் கருத்தடை ஊசி போடத் தொடங்கியது.

வேலியிலும் ஒன்று கவனிக்க வேண்டும். தரையை ஒட்டி ஓடும் மின்கம்பி, சிங்கம் தோண்டி வெளியேறாமல் இருக்கப் போடுவது. எறும்புத்தின்னி அதைத் தொட்டால் பயந்து சுருளும், சுருளும்போது கம்பியையும் சேர்த்துச் சுற்றிக்கொள்ளும். மின்துடிப்பு அடிக்க அடிக்க இன்னும் இறுகும். காலையில் வேலியோரம் போகிறவர் அதைச் செத்த உருண்டையாகப் பார்க்கிறார்.

வாகனத்துக்கு வருகிறேன். சாபி சாண்ட் தனியார் காப்பகத்தில் ஒரு விலங்கைச் சுற்றி இரண்டு மூன்று வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்பது வழக்கம். மற்றவை ரேடியோவில் கேட்டுக்கொண்டு தள்ளிக் காத்திருக்கும். காகிதத்தில் இந்த விதி எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் வழிகாட்டிக்குக் கிடைக்கும் டிப்ஸ் சிறுத்தை தென்பட்டதா என்பதைப் பொறுத்தது என்றால், அவர் எப்படி விதியைப் பிடித்துக்கொள்வார்? சம்பளத்தைச் சரிசெய்யாமல் விதியை மட்டும் எழுதிவைப்பதில் பயனில்லை. சிங்கக்குட்டியைக் கொஞ்சவிட்டுக் காசு பார்க்கும் இடங்களைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது காப்பகமே அல்ல.

வேட்டையைத் தடுக்கத் துப்பாக்கிக்கும் ட்ரோனுக்கும் மட்டும் செலவழிப்பதும் பழக்கமாகிவிட்டது. 2017-2023 காலத்தில் க்ரூகரை ஒட்டிய 11 காப்பகங்களை ஆராய்ந்ததில், காண்டாமிருகத்தின் கொம்பை வெட்டிவிட்ட இடங்களில் வேட்டை சராசரியாக 78 சதவீதம் குறைந்திருந்தது. அதற்கு ஆன செலவோ மொத்தப் பாதுகாப்புச் செலவில் 1.2 சதவீதம். கொம்பு திரும்ப வளரும், திரும்ப வெட்ட வேண்டும். கொம்பில்லாத காண்டாமிருகத்தைப் படம் எடுக்க விருந்தாளிக்குப் பிடிக்காது என்று தயங்குபவர்கள் உண்டு. திரும்பவும் அதே திண்ணை.

பணத்தை ஒரே வழியில் எதிர்பார்ப்பதும் ஆபத்து. ஜான் ஹியூம் என்பவர் சுமார் 2,000 காண்டாமிருகங்களை வளர்த்தார். சுற்றுலாவை அல்ல, ஒரு நாள் கொம்பு வணிகம் திறக்கும் என்பதை நம்பினார். 2023-இல் பண்ணையை ஏலம் விட்டபோது ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் ஆப்பிரிக்கன் பார்க்ஸ் அமைப்பு வாங்கியது. சுற்றுலாவை மட்டும் நம்பியவர்களுக்கு 2020 கொரோனா அதே பாடத்தை நடத்தியது. விருந்தாளி வராத மாதத்திலும் ரோந்து போகிறவருக்குச் சம்பளம் போட வேண்டும்.

வேலிக்கு அந்தப்பக்கம் இருப்பவர்கள் பெரும்பாலும் அந்த நிலத்திலிருந்து ஒரு காலத்தில் வெளியேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். பின்டாவில் 2007-இல் நிலத்தின் ஒரு பகுதி மகாசா, ம்ன்கொபொகாசி சமூகங்களுக்குத் திரும்பப் போனது. காப்பகம் அவர்களிடம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறது. பள்ளிக்கூடத்துக்குப் பெயிண்ட் அடித்துப் படம் எடுத்துக்கொள்வது வேறு, மாதாமாதம் வாடகையாக வரும் பணம் வேறு. வேலிக்கம்பி அறுந்திருப்பதை முதலில் பார்ப்பவர் அந்த ஊர்க்காரர்தான். அவருடைய தம்பி வேலை கேட்டு மூன்று முறை லாட்ஜ் வாசலில் நின்று திரும்பியிருந்தால், அவர் போனை எப்போது எடுப்பார் என்று நினைக்கிறீர்கள்?