பிட் பைக் எடையைக் குறைக்க, முதலில் தராசு

வேலூர் சத்துவாச்சாரியில் நண்பனின் 125 சிசி பிட் பைக்கை (மண்ணில் ஓட்டும் குட்டி பைக்) காலி மனையில் ஓட்டிப் பார்த்தேன். மணலில் பின்பக்கம் புதைந்தது. "எடையைக் குறைக்கணும்டா" என்று டிரில்லை எடுத்து வந்துவிட்டான். வண்டியின் ஃபிரேமில் ஓட்டை போடும் வேலை மட்டும் வேண்டாம். குறைவது சில கிராம்தான், விரிசல் விட ஆரம்பித்தால் தாடை போய்விடும்.

கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் பழைய இரும்புக் கடைத் தராசில் வையுங்கள். ஆச்சரியமாக இருக்கும். ஹெட்லைட், ஸ்டாண்ட், கண்ணாடி எல்லாம் சேர்த்து ஒரு கணக்கு வரும். பெரிய மிச்சம் பேட்டரியிலும் ஸ்டார்ட்டர் மோட்டாரிலும்தான். கிக்கர் இருந்து, பேட்டரியை நம்பாத ஏசி சிடிஐ (இன்ஜின் சுழற்சியில் வரும் மின்சாரத்திலேயே ஸ்பார்க் தரும் அமைப்பு) வண்டியாகவும் இருந்தால் இரண்டையுமே எடுத்துவிடலாம். மோட்டார் இருந்த துளையைத் தகடும் கேஸ்கெட்டும் வைத்து மூடுங்கள், இல்லாவிட்டால் ஆயில் ஒழுகும். பேட்டரி வேண்டுமென்றால் லித்தியம் போடலாம்; அதற்கு முன் சார்ஜிங் 14.6 வோல்ட்டைத் தாண்டாமல் இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் சக்கரம். அங்கே குறையும் அரைக் கிலோ, சீட்டில் குறைவதைவிட நன்றாகத் தெரியும். குழியில் சஸ்பென்ஷன் சட்டென்று வேலை செய்யும். இரும்பு ரிம்முக்குப் பதில் அலுமினியம் போடலாம். பின் ஸ்ப்ராக்கெட்டை மட்டும் இரும்பாகவே விடுங்கள், பாலாற்று மணல் அலுமினியப் பல்லைச் சீக்கிரம் தின்றுவிடும்.

பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ. அரை டேங்க் போதும். ஓட்டுபவர் உடம்பில் ஏறிய ஆம்பூர் பிரியாணிக் கணக்கை நான் எடுக்கவில்லை.