மோட்டார் ஸ்டார்ட்டருக்கு ரிமோட்: 433 மெகாஹெர்ட்ஸ் ரிசீவரை ஆர்டுயினோவுடன் இணைக்கும் முறை

பல்லடம் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டத்தில் மோட்டார் அறை வீட்டிலிருந்து தள்ளியிருக்கிறது. அதனால் நான்கு பொத்தான் ரிமோட் ஒன்றைக் கொண்டே ஸ்டார்ட்டரை இயக்கும்படி அமைத்திருக்கிறேன். ஆர்டுயினோவில் புரோகிராம் ஏற்றத் தெரிந்தவர்களுக்காக அதன் செய்முறையை எழுதுகிறேன்.

முதலில் இணைப்பு. ரிசீவருக்கு 5 வோல்ட்டும் கிரவுண்டும் கொடுத்து, டேட்டா முனையை ஆர்டுயினோ ஊனோ பலகையின் 2ஆம் பின்னில் இணையுங்கள். மலிவான பலகையில் நடுவிலுள்ள இரண்டு முனைகளும் ஒன்றே. எதை எடுத்தாலும் சரி. ஆன்டெனாவாக 17.3 சென்டிமீட்டர் ஒற்றைக் கம்பியை நேராக நிறுத்திப் பற்றவையுங்கள். தகரக் கூரையை ஒட்டி வைத்தால் எட்டும் தூரம் வெகுவாகக் குறையும்.

தொடங்குவோர் குழம்பும் இடம் அடுத்தது. ரிமோட்டைத் தொடாதபோதும் டேட்டா முனையில் துடிப்புகள் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். உடனே பலகை பழுது என்று எண்ணிவிட வேண்டாம். சிக்னல் இல்லாத வேளையில் ரிசீவர் தன் பெருக்கத்தைத் தானே உச்சத்துக்கு ஏற்றிக்கொள்வதால், காற்றிலுள்ள இரைச்சலே துடிப்பாக வெளிவருகிறது. ஆகவே அந்த முனை மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ரிலேயை இயக்கவே கூடாது. துடிப்புகளின் நீளத்தை அளந்து குறியீட்டைப் பிரித்தெடுக்க வேண்டும். ஆர்சி-ஸ்விட்ச் நூலகம் இதைச் செய்துவிடும். ரிசீவரைத் தொடங்கும் வரியில் 0 என்று எழுதுங்கள். அது இன்டரப்ட் எண், ஊனோவில் அதற்குரியது 2ஆம் பின்.

ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தி, சீரியல் மானிட்டரில் தெரியும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இவி1527 சிப் உள்ள ரிமோட் 24 பிட் அனுப்பும்: 20 பிட் ரிமோட்டின் அடையாளம், 4 பிட் பொத்தான். நீளம் 24 ஆக இருந்து, குறித்துவைத்த எண் அரை விநாடிக்குள் இருமுறை வந்தால் மட்டுமே என் புரோகிராம் ரிலேயை இயக்கும். இந்தக் குறியீடு மாறாதது, யாரும் பதிவுசெய்து திரும்ப அனுப்பிவிடலாம் என்பதால் வாசல் கேட்டுக்கு இதை வைக்காதீர்கள்.

மலிவான ரிசீவரைவிட ஆர்எக்ஸ்பி6 போன்ற சூப்பர்ஹெட் வகையையே வாங்கச் சொல்வேன். இரைச்சலும் குறைவு, எட்டும் தூரமும் அதிகம்.

ஸ்டார்ட்டரில் ஆன் பொத்தானுக்கு இணையாக ஒரு ரிலே, ஆஃப் பொத்தானோடு தொடராக இன்னொன்று. ஆனால் மூன்று பேஸ் ஸ்டார்ட்டர் பலவற்றில் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் (காயில்) 415 வோல்ட்டில் இயங்கும். சிறிய நீல ரிலேயோ 250 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. தக்க இடைநிலை ரிலே ஒன்றை எலக்ட்ரீசியனை வைத்தே பொருத்துங்கள்.

பின்சேர்க்கை: பொள்ளாச்சி வாசகர் ஒருவர் ஊனோவுக்குப் பதில் இஎஸ்பி8266 என்ற வைஃபை பலகையைக் கொண்டு செய்ய முயன்றார். அதன் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. டேட்டா முனையிலிருந்து 10 கிலோஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 20 கிலோஓம் வைத்து, இரண்டும் சேரும் இடத்திலிருந்து பின்னுக்கு எடுங்கள்.